நீலச் சட்டையின் பின்னால் ஒரு கரும்புத் தோட்டம்

மாங்காடு, பூந்தமல்லிப் பக்கம் பந்து விளையாடும் பிள்ளைகளிடம் எம்பாப்பே பெயர் போட்ட நீலச் சட்டையைப் பார்க்கலாம். அந்தச் சட்டையின் வரலாறு நம் மக்களின் வரலாற்றையும் தொட்டுச் செல்கிறது தோழர்களே.

1996இல் பிரான்சின் தீவிர வலதுசாரித் தலைவர் லெ பென், தேசியக் கால்பந்து அணியை வெளிநாட்டவரைக் கொண்டு செயற்கையாகக் கட்டிய அணி என்று இழிவுபடுத்தினார். இரண்டே ஆண்டில் அந்த அணி உலகக் கோப்பையை வென்றது. அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக இரண்டு கோல்களையும் அடித்தவர் லிலியன் துராம். பிரேசிலை 3-0 என வீழ்த்திய இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர், அல்ஜீரியக் குடியேறிகளின் மகன் சிதான்.

கறுப்பினத்தவரான துராம் பிறந்தது கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில். ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வைத்துக் கரும்பு விளைவித்த பிரெஞ்சுக் காலனி அது. 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் வேறு ஆள் தேடினார்கள். 1854 டிசம்பரில், நம் பக்கத்து ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் அங்கே கரை சேர்ந்தது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தொடர்ந்து ஆட்கள் போனார்கள். நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் அவர்களில் பலர். சவுக்கடி பட்டவர்கள் விட்ட அரிவாளை நம்மவர்கள் கையில் கொடுத்தார்கள்.

மொரீஷியசிலும் இதே கதைதான். 2006 உலகக் கோப்பையில் பிரான்சுக்காகக் களமிறங்கிய விகாஷ் தொராசூவின் முன்னோர், இந்தியாவிலிருந்து மொரீஷியசுக்குப் போனவர்கள்.

கோப்பை இனவெறியை ஒழித்துவிடவில்லை. 2022 இறுதி ஆட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட பிரான்சின் கறுப்பின வீரர்கள் இணையத்தில் இழிவுபடுத்தப்பட்டார்கள்.

இங்கே மட்டும் என்ன? டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா. சில நாள் கழித்து, 2021 ஆகஸ்ட் 4 அன்று அர்ஜென்டினாவிடம் அணி தோற்றதும், ஹரித்வாரில் அவர் வீட்டின் முன் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டியதாகக் குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். வென்றால் தேசத்தின் மகள், தோற்றால் சேரிக்காரி.

துராம் இதை உணர்ந்தவர். 2008இல் இனவெறிக்கு எதிரான கல்விக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளிடம் பேசி வருகிறார். இனவெறி பிறவிக் குணமல்ல, வரலாற்றில் உருவாக்கப்பட்டது என்பது அவர் வாதம். சாதியைப் பற்றி அம்பேத்கர் நமக்குச் சொன்னதும் இதைத்தான்.

நாம் நம் ஊரிலிருந்து தொடங்குவோம். விளையாட்டுத் திடல் எந்தத் தெருவில் இருக்கிறது? அதில் யார் பிள்ளைகள் இறங்கி ஆட முடிகிறது?