பத்து சென்டிமீட்டர்

1966 டிசம்பர், பாங்காக். ஆசிய விளையாட்டுப் போட்டியின் 100 மீட்டர் இறுதி ஓட்டம். மலேசியாவின் மணி ஜெகதீசனும் சிங்கப்பூரின் சி. குணாளனும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். புகைப்படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடிந்தது. ஜெகதீசனுக்குத் தங்கம், குணாளனுக்கு வெள்ளி.

இரண்டே வருடத்துக்கு முன், 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் இருவரும் மலேசியாவுக்காக ஓடியவர்கள். 1965 ஆகஸ்டில் நாடு பிரிந்தது, சட்டையும் மாறியது. ஆனால் மலேசியச் சட்டை போட்ட ஜெகதீசன் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தது சிங்கப்பூரில்தான்!

வந்த வழியும் வேறு வேறு. ஜெகதீசன் 16 வயதிலேயே 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியவர். குணாளன் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்; டான் எங் யூன் என்ற பயிற்றுநர்தான் அவரை ஓட்டத்துக்கு இழுத்தார். ஒருவர் டாக்டர், இன்னொருவர் ஆசிரியர். ஓட்டம் யாருக்கும் சோறு போடவில்லை.

பெரிய வீரர்களின் வெறியைப் பற்றிப் பேசினாலே நாம் ஓர் எதிரியைத் தேடுவோம். தோல்வி, அவமானம், பழிவாங்கல் என்று சினிமா கணக்காகச் சொல்லிவிடலாம். ஆனால் அடுத்து மெக்சிகோவில் நடந்தது அந்தக் கதைக்குள் அடங்காது.

1968 ஒலிம்பிக்கில் குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். ஜெகதீசன் 200 மீட்டர் அரையிறுதியில் 20.92. இரண்டும் தேசியச் சாதனைகள். இருவருமே இறுதிப் போட்டிக்குப் போகவில்லை. மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மெல்லிய காற்று உதவியிருக்கும்தான். அதே காற்றில் ஜிம் ஹைன்ஸ் 9.95-இலும் டாமி ஸ்மித் 19.83-இலும் ஓடித் தங்கம் வாங்கினார்கள். தங்கம் எட்டாத தூரத்தில் இருந்த ஓட்டத்தில்தான் நம் ஆட்கள் இருவரும் தங்கள் நாட்டில் எவரும் ஓடாத வேகத்தில் ஓடினார்கள். அங்கே யாரை ஜெயிக்க ஓடினார்கள்?

பக்கத்துப் பாதையில் ஓடுபவன் ஓர் அளவுகோல் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம்மால் எவ்வளவு முடியும் என்று காட்டுவதற்கு அவன் வேண்டும். பாங்காக்கில் அவர்கள் ஒருவருக்கொருவர் அதைச் செய்தார்கள். அதற்குப் பிறகு அளவுகோல் உள்ளே போய்விடுகிறது. ஆள் எதிரே இல்லாவிட்டாலும் அது அளந்துகொண்டே இருக்கும்.

அடுத்த தலைமுறைக்கு அவர்களே அளவுகோல் ஆனார்கள். குணாளனின் சாதனை 33 வருடம் நின்றது. 2001-இல் யு.கே. ஷியாம் 10.37 ஓடினார். ஜெகதீசனுடையது 49 வருடம். 2017-இல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் ஓடியது 20.90. வித்தியாசம் ஒன்றில் 0.01 விநாடி, மற்றதில் 0.02.

எங்கள் வேலையில் இவ்வளவு சின்ன வித்தியாசத்தை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிடுவோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் 0.01 விநாடி என்பது சுமார் 10 சென்டிமீட்டர். என் உள்ளங்கை அகலம்கூட அவ்வளவுதான். அதைத் தாண்ட 33 வருடம் ஆகியிருக்கிறது.