காக்கான் வேடத்தில் சிவன்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே உள்ள செங்கலில் இன்று 111 அடி உயரச் சிவலிங்கம் எழுந்து நிற்கிறது. கோயிலுக்கு வருகிறவர்கள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இதே தென் திருவிதாங்கூர் மண்ணில் சிவனை நேருக்கு நேர் பார்த்து, வாய்விட்டுச் சிரித்துக் கும்பிட்ட வழக்கமும் இருந்தது. திருவனந்தபுரம், கொல்லம் பகுதிகளின் காக்காரிச்சி நாடகத்தில் சிவன் கைலாசநாதனாக வருவதில்லை. ஊர் ஊராக அலையும் காக்கானாக வருகிறான். பார்வதியும் கங்கையும் கைரேகை பார்த்துப் பிழைக்கும் இரண்டு காக்காத்திகள். இது தெய்வத்தைத் தாழ்த்திய கலை என்பவர்கள் உண்டு. தெய்வத்தின் துணையோடு, நிலமும் அதிகாரமும் வைத்திருந்தவனைக் கேள்வி கேட்ட கலை என்பதே என் வாதம்.

நாடகத்தின் அமைப்பே இதைச் சொல்கிறது. திறந்தவெளியில், இரவில், கணபதி வணக்கத்துக்குப் பின் கையில் தீப்பந்தத்தோடு காக்கான் கூட்டத்தின் நடுவிலிருந்து ஆடிப் பாடிக்கொண்டு வருவான். நிலமும் அதிகாரமும் உள்ள தம்புரான் அவனை மறிப்பார். நீ யார், எந்த ஊர், இங்கே உனக்கு என்ன வேலை என்று விசாரணை நீளும். ஒவ்வொரு கேள்விக்கும் காக்கான் கோணலாகவே பதில் சொல்வான். ஒரு சொல்லை வேறு பொருளில் எடுப்பான், ஊர்ப்பெயரைத் திரிப்பான், கேட்டவரையே குழப்பி நிறுத்துவான். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அது. எல்லைக் கிராமத்தாருக்கு உரை தேவைப்படாத பேச்சு. பிறகு பெண் வேடமிட்ட ஆண்கள் காக்காத்திகளாக வர, சக்களத்திச் சண்டை தொடங்கும். எதிரே நிற்பவன் யார் என்று பார்ப்பவர் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவர் தம்புரான் ஒருவர்தான். நகைச்சுவை முழுவதும் இந்த ஒரு முடிச்சில் நிற்கிறது. அதிகாரத்தில் இருப்பவருக்குக் கண்முன் நிற்கும் கடவுள் தெரியவில்லை, தரையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிகிறது.

கடவுளைப் பார்த்துச் சிரிப்பது அவரைத் தாழ்த்துவதாகுமா? 1998இல் டிஸ்னி நிறுவனம் ‘ஹெர்குலிஸ்’ கார்ட்டூன் தொடரை ஒளிபரப்பியபோது, பாதாளத்தின் கிரேக்கக் கடவுளான ஹேடீஸ் நீலத் தீ எரியும் தலையோடு பேரம் பேசும் கோபக்காரராக வந்து குழந்தைகளைச் சிரிக்க வைத்தார். அதில் யாருக்கும் ஆபத்தில்லை. ஹேடீஸை அஞ்சி வணங்கிய சமூகம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. வழிபாடு உயிரோடு இருக்கும் கடவுளைப் பார்த்துச் சிரிப்பது வேறு விஷயம். கி.மு. 405இல் ஏதென்ஸில் டயோனிசஸுக்கு எடுத்த விழாவிலேயே அரிஸ்டோஃபனீஸின் ‘தவளைகள்’ அரங்கேறியது. அதில் டயோனிசஸ் கடவுளும் அவருடைய அடிமையும் மாறி மாறிச் சவுக்கடி வாங்குகிறார்கள், யார் கடவுள் என்று கண்டுபிடிப்பதற்காக. அந்த நாடகத்துக்குத்தான் முதல் பரிசு கிடைத்தது. நமக்கும் இது புதிதல்ல. மதுரையில் பிட்டுக்கு மண் சுமக்க வந்த சிவன் வேலை செய்யாமல் தின்றும் தூங்கியும் பொழுதைக் கழித்து, பாண்டியனிடம் பிரம்படி வாங்குகிறான். அந்த அடி உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் முதுகிலும் விழுகிறது. இதைத் தெய்வ நிந்தை என்று சைவர் எவரும் ஒதுக்கவில்லை. ஆவணி மூலத்தில் விழாவாகவே கொண்டாடுகிறார்கள். தன்னுடையவன் என்று நம்புகிறவனிடம்தான் இப்படிக் கேலி பேச முடியும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கேலிக்கு உள்ளாவது சிவனா, காக்கானும் காக்காத்தியும் சேர்ந்த காக்காலன் சமூகமா? அந்த நாடோடிகளின் பேச்சையும் நடையையும் பிறர் மேடையில் நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, மழுப்பத் தேவையில்லை. ஆனாலும் நாடகத்தில் சொல்லிழந்து நிற்பவர் தம்புரான், காக்கானல்ல. 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை திருவிதாங்கூர் அரசின் கோயில்களுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியார் கால்வைக்க முடியவில்லை. அந்தக் காலத்தில், உள்ளே விடப்படாதவனின் உருவத்திலேயே சிவனை வெளியே வரவழைத்து ஆடவிட்டது சிறிய காரியமல்ல.

சிரித்ததால் சாதி ஒழிந்ததா என்று கேட்பார்கள். ஒழியவில்லை. விடிந்ததும் தம்புரான் தம்புரானாகவே இருந்தார். வழி திறந்தது போராட்டத்தால். 1893இல் வெங்ஙானூரின் அய்யங்காளி, ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தடுக்கப்பட்ட பாதையில் வில்வண்டி ஓட்டினார். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 1888இல், நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தில், ஈழவச் சாதியில் பிறந்த நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். அதற்கு உனக்கு ஏது உரிமை என்று கேட்டவர்களிடம், தான் வைத்தது ஈழவச் சிவனைத்தான் என்று அவர் பதில் சொன்னதாகக் கூறுவார்கள். கேட்டவரின் அதிகாரத்தை மறுக்காததுபோல் மறுத்து, கேள்வியையே பயனற்றதாக்கிவிடும் பதில் அது. குரு அதைக் காக்கானிடம் கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. சிவன் எந்தச் சாதியின் உருவத்திலும் வரலாம் என்ற எண்ணம் இந்த மண்ணுக்கு அந்நியமாக இல்லை, அந்தப் பதில் இங்கே சட்டென்று புரிந்தது என்பதே நான் சொல்வது.

1956 நவம்பர் 1இல் தென் திருவிதாங்கூரின் விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்துக்கும் (இன்றைய தமிழ்நாடு) நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. இருமொழிப் பேச்சில் வாழும் கலையைத் தங்களுடையது என்று இரு பக்கமும் முழுமையாகக் கொண்டாடவில்லை. தமிழ் நாடக வரலாறு குறவஞ்சியின் சிங்கனையும் சிங்கியையும் விரிவாகப் பேசுகிறது. அவர்களுக்கு இவ்வளவு நெருங்கிய காக்கானையும் காக்காத்தியையும் மலையாளக் கணக்கில் விட்டுவிட்டது. எல்லையின் இருபுறத்துக் கோயில் விழாக் கமிட்டிகளும் கானமேளா என்னும் பாட்டுக் கச்சேரிக்கு ஒதுக்கும் இரவுகளில் ஒன்றைக் காக்காரிச்சி நாடகத்துக்குக் கொடுக்கட்டும். அந்த மேடையில் காக்காலன் சமூகத்தாரே காக்கானாக நிற்கட்டும்.