ஆண்டுப் பாடல் பட்டியல்களின் சான்றுமதிப்பு: அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளை முன்வைத்து

2019ஆம் ஆண்டில் இந்தியாவில் முன்னணி வகித்த இசைக்காணொளிகளை யூடியூப் நிறுவனம் அறிவித்தபோது முதலிடம் பெற்றது ‘ரவுடி பேபி’ என்னும் தமிழ்ப் பாடல். அது இடம்பெற்ற ‘மாரி 2’ 2018 டிசம்பர் 21இல் திரைக்கு வந்தது. பாடலின் காணொளி 2019 ஜனவரி 2இல் வெளியானது. பன்னிரண்டு நாள் இடைவெளியில் படம் ஓர் ஆண்டுக்கும் பாடல் மற்றோர் ஆண்டுக்கும் உரியனவாயின. பட்டியலின் ஆண்டு என்பது எண்ணப்பட்ட ஆண்டே. எனவே, எண்ணப்பட்டது எது என்னும் வினா எழுகிறது.

1952இல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்புத்துறை அமைச்சரான பின்னர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். அங்கு அவ்வாண்டு டிசம்பரில் அமீன் சயானி தொகுத்தளிக்கத் தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ என்னும் இந்தி நிகழ்ச்சி, முதலில் பாடல்களை வரிசைப்படுத்தாமல் ஒலிபரப்பியது. வரிசையை நேயர்களே கடிதத்தில் எழுதியனுப்ப வேண்டும். பின்னர் இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் கருத்தும் தரவரிசைக்கு அடிப்படையாயின. எழுதத் தெரிந்தவரும் தட்டு வாங்க வசதியுள்ளவரும் மட்டுமே அதில் எண்ணப்பட்டனர் எனலாம்.

தமிழ் ஒலிபரப்பில் நேயர் விருப்பக் கடிதங்களைச் சான்றாகக் கொள்வதிலும் இடர்ப்பாடு உண்டு. பாடலுடன் விரும்பிக் கேட்டோரின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. ஆகவே ஒரு கடிதம் பாடல்மீதான விருப்பத்தைக் காட்டுகிறதா, தன் பெயரை வானொலியில் கேட்கும் ஆவலைக் காட்டுகிறதா என்று பிரித்தறிதல் அரிது. பின்னது இழிவானதன்று, ஆனால் அது வேறொரு தரவு.

சென்னையின் மேற்குப் புறநகர் இச்சிக்கலைத் தெளிவாக்கும். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றின. பல ஊர்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். முறைப்பணிக்குச் செல்வோர் பாடல் கேட்ட இடங்களுள் தேநீர்க்கடை முதன்மையானது. ஒரு பெட்டி, பல செவிகள். கடைக்காரர் திருப்பிய அலைவரிசையே அனைவருக்கும் வாய்த்தது. இவ்வாறு கேட்டவர் கடிதம் எழுதவில்லை, தட்டும் வாங்கவில்லை எனில், எந்தப் பட்டியலிலும் அவர் இல்லை. யூடியூப் கணக்கிலோ நிலைமை தலைகீழ்: ஒருவரே மீண்டும் மீண்டும் பார்ப்பதும் எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

ஆதலின் 1960, 70களின் மக்கள் விருப்பத்தை அறியப் பட்டியல்களை மட்டும் நாடுதல் பொருந்தாது. திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர்களின் இசைத்தட்டுப் பெட்டிகள் இன்னும் போதிய கவனம் பெறவில்லை. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் அத்தகைய பெட்டிகள் எஞ்சியிருப்பின், முதலில் பார்க்க வேண்டியது உறையிலுள்ள பாடற்பெயரை அன்று, தட்டின் எப்பக்கம் மிகுதியாகத் தேய்ந்துள்ளது என்பதை.