மேகத்தில் ஒரு வாடகை வீடு



"ஃபைலையெல்லாம் எதுல போட்டு வைக்கலாம்? கூகிளா, ட்ராப்பாக்ஸா, மைக்ரோசாஃப்டா?" ஐடி கம்பெனியில வேலை பார்க்கிறவன்னு தெரிஞ்சா போதும், கல்யாணப் பந்தியில உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கேள்வி வந்துடும். கேட்கிறவங்க எதிர்பார்க்கிறது ஒரு அட்டவணை. எவன் எத்தனை ஜிபி இலவசமா தர்றான், மாசம் எவ்வளவு ரூபாய். அந்த அட்டவணையை யார் வேணும்னாலும் அரை மணி நேரத்துல போட்டுடலாம். ஆறே மாசத்துல அது பழசாயிடும்.

அதனால இந்தப் பதிவில் வேற கணக்கு பார்ப்போம். வீடு வாடகைக்குப் பார்க்கும்போது வாடகையை மட்டுமா கேட்கிறோம்? முன்னாடி குடியிருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னும் விசாரிப்போம் இல்லையா? இதுவரை இணையத்தில் இடம் கொடுத்தவர்கள் என்ன சொன்னார்கள், கடைசியில் என்ன செய்தார்கள் என்ற அந்த விசாரணைதான் இது.

யாஹூ காலம்

முதலில் ஜியோசிட்டீஸ். 1994-ல் தொடங்கிய சேவை. ஆளுக்குக் கொஞ்சம் இலவச இடம், அதில் சொந்தமாக ஒரு இணையப் பக்கம். 1999-ல் யாஹூ இதை 350 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்கியது. யூனிகோட் பரவாத அந்த நாட்களில், எழுத்துருவைத் தரவிறக்கிப் படிக்க வேண்டிய தமிழ்ப் பக்கங்கள் பலவும் அங்கேதான் இருந்தன. 2009 அக்டோபர் 26 அன்று யாஹூ அதை இழுத்து மூடியது. கோப்புகள் வைக்க 1999-ல் யாஹூ கொடுத்த 'ப்ரீஃப்கேஸ்' சேவைக்கும் அதே 2009 மார்ச்சில் மூடுவிழா.

ஜியோசிட்டீஸில் இருந்தவை முழுக்க அழியாமல் போனதற்கு யாஹூ காரணமில்லை. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு, மூடுவதற்குள் முடிந்தவரை நகலெடுத்து, அடுத்த வருடம் 600 ஜிபிக்கு மேல் டாரண்டாக வெளியிட்டது. வீட்டுக்காரர் இடிக்கிறதுக்கு முன்னாடி ஊர்க்காரங்க ஓடிவந்து சாமான் எடுத்துப் போட்ட கதைதான்.

ஒரு ஜிபி வந்த நாள்

2004 ஏப்ரல் 1. ஜிமெயில் 1 ஜிபி தருகிறது என்று கூகிள் அறிவித்தபோது பலரும் ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தார்கள். ஏன்னா, அப்போ ஹாட்மெயில் கொடுத்தது 2 எம்பி, யாஹூ 4 எம்பி. சீக்கிரமே 'ஜிமெயில் டிரைவ்' என்று ஒரு மென்பொருள் வந்தது. உங்கள் மின்மடல் பெட்டியை விண்டோஸில் ஒரு டிரைவ் மாதிரி காட்டும். கூகிள் செய்ததல்ல, வெளியாள் செய்தது. கூகிள் உள்ளே எதையாவது மாற்றினால் இது படுத்துவிடும். ஆனாலும் ஜனங்களுக்கு என்ன வேணும் என்பதை அது காட்டிக் கொடுத்தது: எங்கிருந்தும் திறக்கிற மாதிரி ஒரு பரண்!

மொத்தக்கடையும் சில்லறைக்கடையும்

2006 மார்ச் 14 அன்று அமேசான் எஸ்3 வந்தது. 1 ஜிபிக்கு மாதம் 15 சென்ட். எவ்வளவு வைக்கிறீர்களோ அவ்வளவுக்கு மட்டும் காசு. அதே ஆகஸ்டில் கணினியையே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஈசி2. அதுவரை ஒரு கம்பெனி ஆரம்பிக்கணும்னா முதலில் சர்வர் வாங்கணும். இதற்குப் பிறகு க்ரெடிட் கார்டு போதும்னு ஆச்சு.

கிளவுடும் ஆன்லைன் சேமிப்பும் ஒண்ணுதானேன்னு நிறையப் பேர் கேட்பாங்க. எங்க குலசேகரம் பாஷையில சொல்றேன். தோட்டத்துல ரப்பர் ஷீட் அடிக்கிறவர் டவுன்ல ஒரு கடையில கொண்டு போடுவார். அந்தக் கடைக்காரருக்குச் சொந்த குடோன் கிடையாது, வேற ஒருத்தர் குடோனை வாடகைக்கு எடுத்திருப்பார். தோட்டக்காரருக்குக் குடோன்காரர் யாருன்னே தெரியாது. எஸ்3 குடோன். 2008-ல் எல்லோருக்கும் திறந்த ட்ராப்பாக்ஸ் கடை. ட்ராப்பாக்ஸில் போட்ட கோப்பு பல வருடம் அமேசானின் வட்டில்தான் கிடந்தது. கடை பெரிதானதும் ட்ராப்பாக்ஸ் சொந்தக் குடோன் கட்டி, 90 சதவீதச் சரக்கை அங்கே மாற்றிவிட்டதாக 2016-ல் அறிவித்தது. நம்ம பக்கத்து தென்காசியில் அலுவலகம் வைத்திருக்கும் சோகோவும் தன் சேவைகளைத் தன்னுடைய சர்வர்களிலேயே நடத்துகிற கட்சி.

ஆக, ரெண்டு கடைகளை ஒப்பிடும்போது குடோன் யாருதுன்னு பார்க்காம விட்டா, ரெண்டு கடையில பிரிச்சு வெச்ச சரக்கு ஒரே கூரைக்குக் கீழ இருக்கலாம்.

"அளவில்லாமல்" என்ற வார்த்தை

மைக்ரோசாஃப்டின் ஸ்கைடிரைவ் 2007-ல் வந்தது. 2008-ல் 25 ஜிபி இலவசம். 2012-ல் புதியவர்களுக்கு அது 7 ஆனது. 2014-ல் பெயர் ஒன்டிரைவ் என்று மாறியது. அந்த அக்டோபரில் ஆஃபிஸ் 365 சந்தாதாரர்களுக்கு "அளவில்லாமல்" என்றார்கள். 2015 நவம்பரில் வாபஸ். சிலர் 75 டிபிக்கு மேல் ஏற்றிவிட்டார்களாம்! அளவில்லைன்னு சொன்னவங்களே அளந்து பார்த்திருக்காங்க. கூடவே இலவசக்காரர்களின் 15 ஜிபியும் 5 ஆனது.

அமேசான் டிரைவ்: அமெரிக்காவில் 2015-ல் அளவில்லாத திட்டம், 2017-ல் அது ரத்து, 2023 டிசம்பர் 31-ல் சேவையே மூடல்.

கூகிள் ஃபோட்டோஸ்: 2015-ல் வந்தபோது, சற்றே சுருக்கிய படங்களுக்கு அளவே இல்லை. 2021 ஜூன் 1 முதல் எல்லாம் அந்த 15 ஜிபி கணக்கில். நியாயமாகச் சொல்லணும்னா, அதற்கு முன் அப்படி ஏற்றிய படங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அரை வருடத்துக்கு மேல் முன்னறிவிப்பும் கொடுத்தார்கள். ஆனால் 2 வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்ற விதியை 2023-ல் கொண்டுவந்தார்கள். எழுதியவர் இறந்துபோனால் அவர் கணக்கை யார் தொடுவது? யோசிச்சுப் பாருங்க.

இதில் சதி ஒன்றுமில்லை. வட்டு, கரண்ட், ஏசி எல்லாத்துக்கும் மாதாமாதம் செலவு. பெரும்பாலானவர்கள் நிரப்ப மாட்டார்கள் என்ற கணக்கில்தான் இலவசம் ஓடுகிறது. நிரப்ப ஆரம்பித்ததும் கணக்கு உதைக்கும்.

மடற்குழுக்களின் கதை

இதுதான் எனக்கு மனசுல கிடந்து உறுத்துற விஷயம். வலைப்பூக்களுக்கு முன்பே தமிழில் எழுதியும் சண்டை போட்டும் வளர்ந்த இடம் யாஹூ மடற்குழுக்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர்னு எத்தனை எத்தனை! பின்னாளில் பெயர் வாங்கிய எழுத்தாளர்கள் பலர் அங்கே பழகியவர்கள். 2019 அக்டோபரில் யாஹூ அறிவித்தது: டிசம்பர் 14-க்குப் பிறகு பழைய மடல்கள், கோப்புகள் எல்லாம் அழிக்கப்படும். இரண்டு மாதம் அவகாசம்! தங்கள் தரவைக் கேட்டு வாங்குபவர்களுக்கு மட்டும் பிறகு 2020 ஜனவரி 31 வரை நீட்டித்தார்கள். 2020 டிசம்பர் 15 அன்று சேவையே நின்றது. நானெல்லாம் அந்தக் குழுக்கள் சூடாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த பொடியன். தேடிப் படிக்கலாம்னு ஆசை வந்த வயசில் வாசல் பூட்டியிருக்கு.

ஒரே கூரை

எங்க ஊரில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துவார்கள். அந்தப் புகை அறையில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போச்சு. கிளவுடுக்கும் அதே கதிதான். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து சாம்பலானது. சில வாடிக்கையாளர்களின் பேக்கப்பும் அதே வளாகத்தில். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவில் டேஜான் நகர அரசு டேட்டா சென்டரில் தீ. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ், 858 டிபி, போனது போனதுதான். வெளியே நகல் இல்லை.

நம்ம ஆட்களுக்கு இந்தப் பாடம் புதுசில்லை. 1981-ல் மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள். அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் உண்டு. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை வருடி இணையத்தில் ஏற்றிக்கொண்டு வருகிறது. ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும்னு அந்த மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தையும் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்த, உலகெங்கும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், பரப்பலாம் என்பதுதான் ஏற்பாடு. டிஸ்கியில் இருந்ததை யூனிகோடுக்கும் மாற்றினார்கள். இது முக்கியம். கோப்பு பத்திரமா இருந்தும் படிக்க முடியலைன்னா என்ன பிரயோஜனம்?

சரி, எதைத்தான் வாங்குவது?

நான் கேட்கும் மூன்று கேள்விகள்:

1. மொத்தமாக வெளியே எடுக்க வழி உண்டா? கூகிள் 2011-லேயே 'டேக்அவுட்' கொண்டுவந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்கு நான் நல்ல மதிப்பெண் போடுவேன்.

2. குடோன் யாருடையது, எந்த ஊரில்?

3. இதுவரை சொன்ன வாக்கை எப்படி வாபஸ் வாங்கினார்கள், எத்தனை மாத அவகாசம் கொடுத்தார்கள்?

ஜிபியும் ரூபாயும் இதற்குப் பிறகுதான். எது வாங்கினாலும், கையில் ஒரு ஹார்ட் டிஸ்க் பிரதி கட்டாயம் வேணும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்க மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. மேகத்தில் பத்திரமாக இருந்ததை யாரும் எட்டிப் பிடிக்க முடியலை.

பிளாக்கரை 2003-ல் கூகிள் வாங்கியது. அதில் எழுதும் நம்ம எல்லோருக்கும் அவங்கதான் வீட்டுக்காரர். இதுவரை காலி பண்ணச் சொல்லலை, சந்தோஷம். ஆனா பத்து வருஷம் எழுதினதை ஒரு பிரதி எடுக்க பத்து நிமிஷம்தான் ஆகும். இந்தப் பதிவை மூடிட்டு அடுத்த வேலையா அதைச் செஞ்சுடுங்க மக்கா. பழைய மடற்குழு மடல்கள் யாருடைய ஹார்ட் டிஸ்க்கிலாவது கிடந்தால், நாலு பேருக்குப் பகிர்ந்து வையுங்கள். நாலு வீட்டில் இருந்தால்தான் நாளைக்கும் இருக்கும்.