வாயு என்று விட்டுவிடாதீர்கள்

மேல்வயிற்றில் வலி வந்தால் நம் வீடுகளில் முதலில் சொல்வது "வாயுவாக இருக்கும்" என்பதுதான். ஓமத் தண்ணீரும் சோடாவும் உடனே வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் கல்லீரல்மேல் பழி போடுவார்கள். விருந்துண்ட இரவில் வயிறு புரட்டினால் 'கிரீஸ் த ஃபுவா', அதாவது கல்லீரல் உபாதை என்பார்கள். இந்த இரண்டுக்கும் பின்னால் சில சமயம் ஒளிந்திருப்பது பித்தப்பைக் கல்.

கல்லீரலின் அடியில் இருக்கும் சிறு பை அது. எண்ணெய்ப் பண்டம் உள்ளே போனதும் சுருங்கிப் பித்தநீரைத் தள்ளும். அந்த வழியைக் கல் அடைத்தால் வலி எடுக்கும்.

ஸ்கேன் இல்லாத காலத்திலேயே மருத்துவர்கள் இதன் அடையாளங்களைக் கண்டுகொண்டார்கள். நரம்பு நோய்களுக்குப் பெயர்போன பாரிஸ் மருத்துவர் சார்க்கோ, 1877இல் மூன்றைச் சேர்த்துச் சொன்னார்: வலது மேல்வயிற்று வலி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் காமாலை. மூன்றும் சேர்ந்தால் பித்தக் குழாயில் அடைப்பும் தொற்றும் இருக்கலாம்.

அதுவரை பையைத் திறந்து கல்லை மட்டும் எடுத்தவர்கள் உண்டு. கல்லை உண்டாக்குவதே அந்தப் பைதான் என்று கருதிய பெர்லின் அறுவை மருத்துவர் லாங்கென்புக், 1882 ஜூலை 15 அன்று பையையே அகற்றினார். நோயாளிக்கு வயது 43. பதினாறு ஆண்டுகளாக வலியில் துடித்தவர். மறுநாள் அவர் சுருட்டுப் பிடித்தாராம்!

1903இல் சிகாகோ மருத்துவர் மர்ஃபி ஒரு சோதனையை எழுதினார். வலது விலா எலும்பின் கீழ் அழுத்தியபடி மூச்சை இழுக்கச் சொல்வார். பித்தப்பை வீங்கியிருந்தால் வலியால் மூச்சு பாதியில் நின்றுவிடும். இன்றும் மருத்துவர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை இவை. வலி வலது மேல்வயிற்றிலோ நடு நெஞ்சுக்குழியிலோ எடுத்து, வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ பரவும். பெரும்பாலும் கனமான சாப்பாட்டுக்குப் பிறகு, இரவில் வரும். ஏப்பம் விட்டாலும் மலம் கழித்தாலும் குறையாது; அரை மணிக்கு மேல், சில மணி நேரம்கூட நீடிக்கும். குமட்டல், வாந்தியும் இருக்கலாம்.

முதியவர்களுக்கு வலியும் காய்ச்சலும் மங்கலாகவே தெரியக்கூடும். அதனால் லேசான வலிதானே என்று இருந்துவிடக் கூடாது. மாரடைப்பும் இதே இடத்தில் வலிக்கலாம் என்பதால், வீட்டில் இருந்தபடி முடிவு கட்டுவதும் ஆபத்து. வலி விடாமல் நீடித்தாலோ, காய்ச்சல் நடுக்கம் கண்டாலோ, கண் மஞ்சளானாலோ, விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.