அமிலம் மட்டும் போதாது: யுரேனியமும் ஆர்செனிக்கும் கரையும் கதை

ஒரகடம் பக்கம் இருக்கும் வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது பழங்காலக் கற்கருவிகள் கிடைத்தன. எத்தனை ஆயிரம் வருஷ மழை இறங்கிய மண் அது! குவார்ட்ஸ் மாதிரியான சிலிக்காக் கல் சாதாரண அமிலத்துக்குக்கூட மசியாது. அப்போ எந்தக் கல் கரையும் என்று தேட ஆரம்பித்து, யுரேனியத்தில் போய் நின்றேன். அதைக் கல்லிலிருந்து கரைத்து எடுப்பதை நம் நாட்டில் ஒரு தொழிலாகவே செய்கிறார்கள்.

1789-ல் ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத், பிட்ச்பிளெண்ட் என்ற கரும் கனிமத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தார். மஞ்சள் கரைசல் வந்தது. அதை நடுநிலையாக்கியதும் மஞ்சள் படிவு விழுந்தது. எட்டு வருஷம் முன்பு ஹெர்ஷல் கண்டுபிடித்திருந்த யுரேனஸ் கோளின் பெயரை இந்தப் புதிய தனிமத்துக்கு வைத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த நைட்ரிக் அமிலம். அது அமிலம் மட்டுமில்லை, ஆக்சிஜனேற்றியும்கூட. பிட்ச்பிளெண்டில் யுரேனியம் பெரும்பாலும் +4 நிலையில் இருக்கும். அது லேசில் கரையாது. இரண்டு எலெக்ட்ரானை இழந்து +6 ஆனால்தான் யுரேனைல் அயனியாகித் தண்ணீரில் இறங்கும். எங்கள் புரோகிராமர் பாஷையில் சொன்னால், இது 'அல்லது' இல்லை, 'மற்றும்'.

ஜார்க்கண்டின் ஜாதுகுடாவிலும் இதே கணக்குதான். 1951-ல் அங்கே படிவம் கண்டறியப்பட்டது. 1967-ல் யுரேனியம் கார்ப்பரேஷன் தொடங்கியது. ஒரு டன் கல்லில் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. கல்லை மாவாக அரைத்து, கந்தக அமிலத்தோடு பைரோலுசைட் என்ற மாங்கனீஸ் கனிமத்தையும் போடுகிறார்கள். மாங்கனீஸ் இரும்பை ஆக்சிஜனேற்றும், அந்த இரும்பு யுரேனியத்தை ஆக்சிஜனேற்றும். யுரேனியம் கரைந்து வெளியே வரும். ஆனால் ரேடியத்தின் சல்ஃபேட் கரையவே கரையாது, அதனால் அது சக்கையிலேயே தங்கிவிடும். சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்து, அந்தச் சக்கையைக் குழாய் வழியாகக் கழிவுக் குளத்துக்கு அனுப்புகிறார்கள். 2006 டிசம்பரில் அப்படி ஒரு குழாய் உடைந்து சேறு ஓடையில் கலந்தது. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும்.

ஆர்செனிக் இன்னும் வில்லங்கம். ஆர்செனோபைரைட் என்பது இரும்பு, ஆர்செனிக், கந்தகம் மூன்றும் சேர்ந்த கனிமம். இதுக்கு யாரும் அமிலம் ஊற்ற வேண்டாம். சுரங்கம் தோண்டிக் காற்றும் தண்ணீரும் பட்டாலே போதும், கந்தகம் தானாகக் கந்தக அமிலமாகும். இதை வேகப்படுத்தும் பாக்டீரியாவை 1947-ல் கோல்மரும் ஹிங்கிளும் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க நீரில் கண்டறிந்தார்கள். அமிலமும் ஆக்சிஜனேறிய இரும்பும் சேர்ந்த அந்தத் தண்ணீர் கிட்டத்தட்ட ஜாதுகுடா தொட்டியில் இருப்பதேதான், மனிதக் கை படாமல் தயாரானது. பக்கத்தில் யுரேனியக் கனிமம் இருந்தால் அதையும் கரைக்கும்.

அமிலம் குறைந்தால் இரும்பு துருவாகப் படியும். ஆர்செனிக்கின் பெரும்பகுதி அந்தத் துருவில் ஒட்டிக்கொள்ளும். அப்பாடா, முடிந்தது என்று தோணும். முடியவில்லை! 1980-களில் மேற்கு வங்கத்தில் குழாய்க் கிணற்று நீரைக் குடித்தவர்களின் தோலில் புண்ணும் கறுப்புப் புள்ளிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கே நிலத்தடி நீரில் அமிலம் இல்லை. ஆக்சிஜனும் இல்லை. ஆக்சிஜன் இல்லாத வண்டலில் பாக்டீரியா அந்தத் துருவையே கரைத்துவிட, ஒட்டியிருந்த ஆர்செனிக் தண்ணீரில் கலந்தது.

யுரேனியமும் அமிலத்தை மட்டும் நம்பி இல்லை. ஆந்திராவின் தும்மலப்பள்ளியில் தாதுக் கல்லே டோலமைட், அதாவது சுண்ணாம்புக்குச் சொந்தக்காரன். அமிலம் ஊற்றினால் எல்லாவற்றையும் கல்லே குடித்துவிடும். அதனால் சோடியம் கார்பனேட், பைகார்பனேட் கரைசலில் ஆக்சிஜன் செலுத்தி, சூட்டிலும் அழுத்தத்திலும் கரைக்கிறார்கள். பைகார்பனேட் என்பது நம் போர்வெல் தண்ணீரிலும் சாதாரணமாக இருப்பதுதான்.

அதனால் பிஹெச் 7 காட்டும் தண்ணீரில் இவை இருக்காது என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும் ஆர்ஓ விற்பனையாளர் காட்டும் டிடிஎஸ் மீட்டர், மொத்த உப்பை மின்கடத்தலை வைத்து மதிப்பிடும் கருவி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு யுரேனியம் 30 மைக்ரோகிராம், ஆர்செனிக் 10. அந்தளவு பொடியான கணக்கு அந்த மீட்டரில் தெரியாது; ஆய்வகத்துக்குத்தான் அனுப்பணும், அதுவும் இந்த இரண்டின் பெயரையும் குறிப்பிட்டுக் கேட்டு.