அச்சுப் பக்கத்திலிருந்து கணினித் திரைவரை: மலாயா, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியக் கூடல்களின் வரலாறு

இலக்கியக் கூட்டம் என்றதும் ஒரு மண்டபம், ஒரு மேடை, ஒலிவாங்கி, முன்வரிசையில் அமர்ந்த மூத்தோர் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. 2020ஆம் ஆண்டில் நோய்த்தொற்றின் காரணமாக அக்கூட்டங்கள் கணினித் திரைக்கு மாறியபோது, ஒருவரை ஒருவர் நேரில் காணாமல் இலக்கியம் பேசுவது முன்பு இல்லாத புதுமை என்று பலர் கருதினர். ஆயினும், இந்த வட்டாரத்தில் தமிழிலக்கியம் வேரூன்றியதே அத்தகைய தொலைதூரக் கூடல்களில்தான். எழுதுவோரும் படிப்போரும் முகம் காணாமலேயே ஒருவரோடு ஒருவர் பேசிய அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், இன்றைய திரைக் கூட்டங்களிடம் நாம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

இதழே மன்றமான காலம்

சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு 1887 முதல் 1890 வரை ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழை நடத்தினார். செய்திகளோடு கவிதைகளுக்கும் வாசகர் கடிதங்களுக்கும் அதில் இடமிருந்தது. 1888இல் அவர் அவ்விதழில் எழுதிய ‘வினோத சம்பாஷணை’ சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதையின் தொடக்கமாக ஆய்வாளர் பலரால் சுட்டப்படுகிறது. அதன் பெயரே உரையாடலைக் குறிப்பது என்பது கருதத்தக்கது. நூலகங்களும் சங்கக் கட்டடங்களும் அரிதாயிருந்த அக்காலத்தில், தமிழ் படித்தோர் ஒருவர் கருத்தை மற்றவர் அறிய இதழின் பக்கமே இடமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இத்தேவை இன்னும் பெருகியது. மலாயாவின் தமிழரில் பெரும்பகுதியினர் இரப்பர்த் தோட்டங்களில் சிதறி வாழ்ந்தனர். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்குச் செல்வதே அரிது; நகரத்துக் கூட்டத்திற்கு வருவது அதனினும் அரிது. ஆனால் செய்தித்தாள் அவர்களிடம் சென்றது. கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய ‘தமிழ் நேச’னும், சிங்கப்பூரில் 1935இல் தோன்றிக் கோ. சாரங்கபாணியின் பொறுப்பில் வளர்ந்த ‘தமிழ் முர’சும் அவ்வாறு சென்றவற்றுள் முதன்மையானவை. தோட்டப்பள்ளி ஆசிரியரும், எழுத்தராகப் பணிபுரிந்த இளைஞரும், துறைமுகத் தொழிலாளியும் ஒரே பக்கத்தைப் படித்தனர். அதே பக்கத்திற்கு எழுதவும் செய்தனர்.

கதை வகுப்பும் ரசனை வகுப்பும்

இவ்வரலாற்றில் நாம் நின்று நோக்க வேண்டிய நிகழ்வு, 1950ஆம் ஆண்டையொட்டித் ‘தமிழ் நேச’னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’. வகுப்பு என்றாலும் அதற்கு வகுப்பறை இல்லை. சிறுகதை எழுதும் முறை பற்றிய பாடங்கள் நாளிதழில் வெளிவந்தன. எழுத விரும்பியோர் தாம் இருந்த இடத்திலிருந்தே பயிற்சிகளை எழுதி அஞ்சலில் அனுப்பினர். அவை மதிப்பிடப்பட்டன. எழுதுவது இயல்பாக வரும் வரம் மட்டுமன்று, முயன்று கற்கத்தக்க கலையும் ஆகும் என்ற எண்ணத்தை அவ்வகுப்பு இளைஞரிடையே விதைத்தது. போருக்குப் பிந்திய மலாயாவில் உள்ளூர் வாழ்க்கையை உள்ளூர் மனிதரே எழுத வேண்டும் என்ற உணர்வு வளர்ந்துவந்த வேளை அது. கதை வகுப்பு அவ்வுணர்வுக்குப் பயிற்சியைத் தந்தது.

அதனைத் தொடர்ந்து, 1952இல் சுப. நாராயணன் ‘தமிழ் முர’சில் ‘ரசனை வகுப்பு’ நடத்தினார். முன்னது எழுதுவோருக்கு, பின்னது படிப்போருக்கு. நல்ல வாசகர் இல்லாமல் நல்ல எழுத்து நிலைபெறாது என்பதை உணர்ந்தே இவ்விரண்டாம் படி எடுத்துவைக்கப்பட்டது எனலாம். ஒரு கதை ஏன் சிறந்தது, எங்கே தளர்கிறது என்று காரணம் காட்டிப் பேசும் வழக்கம் இத்தகைய முயற்சிகளால் பொதுவாசகரிடையே பரவியது.

அதே பத்தாண்டில் ‘தமிழ் முரசு’ வெளியிட்ட ‘மாணவர் மணிமன்ற மலர்’ பள்ளி மாணவருக்குத் தனி இடம் வகுத்தது. இங்கே ஒரு திருப்பம் நிகழ்ந்ததைக் காண்கிறோம். பெயரளவில் அறிந்திருந்த இளையோர், தத்தம் ஊர்களில் மணிமன்றங்கள் அமைத்து நேரில் கூடத் தொடங்கினர். அச்சுப் பக்கத்தில் தொடங்கிய உறவு பேச்சுப் போட்டியாகவும் நாடகமாகவும் ஆண்டு விழாவாகவும் மலர்ந்தது. தொலைதூரக் கூடல் நேர்க்கூடலுக்குப் பகையன்று. அதற்கு நாற்றங்காலாகவும் இருக்க முடியும் என்பதற்கு மணிமன்றங்களே சான்று.

மண்டபங்களின் காலம்

சாரங்கபாணியின் முயற்சியால் 1952 முதல் கொண்டாடப்பட்ட தமிழர் திருநாள், இலக்கியத்தைப் பெருந்திரள் மக்கள் கூடும் விழாவாக்கியது. 1966 ஏப்ரலில் தனிநாயக அடிகளாரின் முன்முயற்சியால் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. தமிழகத்திற்கு வெளியே இருந்த ஒரு நகரம் உலகத் தமிழறிஞரை வரவேற்ற அந்நிகழ்ச்சி இவ்வட்டாரத் தமிழருக்குப் பெரும் தன்னம்பிக்கை அளித்தது.

இதற்கிடையே, 1965இல் சிங்கப்பூர் தனிநாடானது. அதுவரை ஒரே வாசகப் பரப்பாயிருந்த நிலம் இரண்டானது. எழுத்தாளர் அமைப்புகளும் அவ்வந்நாட்டின் சூழலுக்கேற்பத் தனித்தனியே வளர்ந்தன. மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் 1960களில் தோன்றியது; சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் 1976இல் அமைக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1986இல் தொடங்கிய எழுத்தாளர் வாரம், பின்னர் எழுத்தாளர் விழாவாக வளர்ந்து, நான்கு மொழி எழுத்தாளரையும் ஒரே நிகழ்ச்சியில் சந்திக்க வைத்தது. அங் மோ கியோ நூலகத்தில் கூடிய வாசகர் வட்டமும், மாதந்தோறும் கூடிய கவிமாலையும் சிறிய அளவில் நெருக்கமான உரையாடலைக் காத்துவந்தன.

நேர்க்கூடலின் சிறப்பை மறுக்க இயலாது. கதை படித்தவரின் குரல் நடுங்குவதையும், கேட்டவரின் முகம் மலர்வதையும் எந்த அச்சுப் பக்கமும் தாராது. ஆயினும் மண்டபத்திற்குச் சில குறைகளும் உண்டு. அங்கே வரமுடிந்தவரே பங்குபெற முடியும். மாலையிட்டு வாழ்த்தும் மேடையில் ஒரு படைப்பின் குறையைச் சொல்லப் பலரும் தயங்குவர். வாழ்த்துரை நீள நீளத் திறனாய்வு சுருங்கும்.

இணையத்தின் வாசலில்

மண்டபத்தையும் இணையத்தையும் தம் வாழ்விலேயே இணைத்தவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1970களின் பிற்பகுதியில் ‘இலக்கியக் களம்’ என்னும் அமைப்பின் வழியாகச் சிறுகதைகளை எடுத்து வெளிப்படையாக ஆராயும் மரபுக்கு வித்திட்டவர்களுள் அவர் முதன்மையானவர். சிறுகதையாசிரியரும் ஆசிரியப் பயிற்சி விரிவுரையாளருமான அவர், பின்னர்க் கணினித் தமிழில் ஈடுபட்டார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் வெளியிடப்பட்டபோது, தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்துகளிலேயே திரையில் தோன்ற அவர் உழைப்பு காரணமாயிற்று. இணையத்தில் தமிழின் தொடக்க முயற்சிகளுள் அதுவும் ஒன்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருளும் கணினியில் தமிழ் எழுதுவதை எளிதாக்கியது.

1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97 மாநாட்டில், விசைப்பலகையையும் எழுத்துருவையும் ஒழுங்குபடுத்துவது பற்றி உலகெங்கிலுமிருந்து வந்தோர் கலந்தாய்ந்தனர். அம்மாநாட்டின் முன்னோடியான கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். கதைகளைக் கூர்ந்து விமரிசித்த ஒருவரே தமிழை இணையத்திற்கு இட்டுச்சென்றவர்களுள் ஒருவராகவும் இருந்தார் என்பதை மாணவர்கள் மனத்தில் பதிக்க வேண்டும். கருவி அவருக்கு உரையாடலை விரிவாக்கும் வழியாக இருந்தது.

பாலம் மூடியபோது

2020 மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. நாள்தோறும் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்துவந்த மக்கள் கூட்டம் நின்றது. ஏப்ரல் 7 முதல் சிங்கப்பூரிலும் மக்கள் வீடுகளுக்குள் இருக்க நேர்ந்தது. மாதக் கூட்டங்களும் நூல் வெளியீடுகளும் திரைக்கு மாறின. அவ்வாண்டுச் சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவும் பெரும்பாலும் இணையவழியே நடைபெற்றது.

அப்போது நேர்ந்த ஒன்று வரலாற்று நோக்கில் குறிப்பிடத்தக்கது. மனிதர் கடக்க முடியாதபடி பாலம் மூடியிருந்த நாள்களில், ஜொகூரில் இருப்பவர் சிங்கப்பூர்க் கூட்டத்திலும் சிங்கப்பூரர் கோலாலம்பூர்க் கூட்டத்திலும் வீட்டிலிருந்தபடியே அமர வழி பிறந்தது. கதை வகுப்பின் காலத்தில் நாளிதழ் உருவாக்கிய ஒரே வாசகப் பரப்பு, மீண்டும் திரையில் தோன்றியது. மண்டபத்திற்கு வர இயலாத முதியோரும், கைக்குழந்தையை விட்டுவர முடியாத தாய்மாரும், இரவுப் பணியாளரும் அதில் இடம்பெற முடிந்தது.

ஆனால் கதை வகுப்போடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். கதை வகுப்பில் சேர்ந்தவர் எழுதியாக வேண்டும். எழுதியதற்கு மறுமொழி கிடைத்தது. திரைக் கூட்டத்திலோ, ஒலியையும் முகத்தையும் மறைத்துக்கொண்டு இறுதிவரை பார்வையாளராகவே இருந்துவிடலாம். நூறுபேர் இணைந்திருந்தும் அந்நூலைப் படித்தவர் மூவராக இருக்கக்கூடும். இன்னொரு வேறுபாடு இதனினும் கவலைக்குரியது. எழுபது ஆண்டுகளுக்கு முந்திய இலக்கிய முயற்சிகளை இன்று நாம் ஆராய முடிவதற்குக் காரணம், அவை அச்சில் இருப்பதே. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் ‘தமிழ் முரசி’ன் பழைய இதழ்கள் பலவற்றைக் காணலாம். திரைக் கூட்டங்களில் பேசப்பட்டவற்றுள் எழுத்தாக மாறாதவற்றை, இன்னும் எழுபது ஆண்டுகள் கழித்து எந்த மாணவர் எங்கே தேடிக் காண்பார்?

ஆசிரியர் கையில் உள்ளது

இடம் மாறியதனால் இலக்கியக் கூடல் தாழ்வதும் இல்லை, உயர்வதும் இல்லை. இதழ், மண்டபம், திரை என்னும் மூன்றிலும் பயன் விளைந்த இடங்களைப் பார்த்தால், அங்கெல்லாம் ஒருவர் எழுத்தை மற்றொருவர் பொறுமையாகப் படித்துக் காரணத்தோடு மறுமொழி கூறியிருக்கக் காண்கிறோம்.

ஆதலின் ஆசிரியர்கள் தம் பள்ளியில் ஒரு கூடலை, நேரிலோ திரையிலோ, அமைக்கும்போது மூன்று நெறிகளைக் கடைப்பிடிக்கலாம். பேசப்படும் கதையை அல்லது கவிதையை ஒரு வாரம் முன்னரே எல்லாருக்கும் அளித்தல் முதலாவது. பங்குபெறும் ஒவ்வொரு மாணவரும் பத்து வரியேனும் எழுதி வரச் செய்தல் இரண்டாவது. கூட்டத்தில் எழுந்த கருத்துகளைத் தொகுத்து எழுதிப் பள்ளி நூலகத்தில் வைத்தல் மூன்றாவது. இவற்றுக்குப் பெரும் செலவு வேண்டியதில்லை.

தோட்டத்து விளக்கொளியில் அமர்ந்து, தாம் ஒருபோதும் கண்டிராத ஓர் ஆசிரியருக்குக் கதை எழுதி அனுப்பிய இளைஞர்களின் வழித்தோன்றல்கள் நாம். அவர்களுக்குக் கிடைத்த மறுமொழி இன்றைய மாணவருக்கும் கிடைக்கச் செய்வது நம் கடமை.